மேக்ரோவுக்கும் நிலக்காட்சிக்கும் ஒரே ட்ரைபாட்: கால் எது, ஹெட் எது?

தட்டான்பூச்சி:

வணக்கம். கையில் இருப்பது நிக்கான் இசட் 6 மார்க் 2, எம்சி 105 மேக்ரோ, 14-30 எஃப்4. எடுப்பது இரண்டே வகை. மலைப்பக்கம் போனால் பாசி, காளான், சின்னப் பூ, பனி கோத்த சிலந்திவலை. கடற்கரைக்குப் போனால் விடியற்காலை நீண்ட எக்ஸ்போஷர்.

இப்போது வைத்திருப்பது ஒரு லேசான அலுமினிய ட்ரைபாட், சின்ன பால் ஹெட்டோடு (கேமராவைப் பிடித்துத் திருப்பும் பந்து வகைத் தலைப்பகுதி) வந்தது. 4 கிலோ தாங்கும் என்று பெட்டியில் போட்டிருக்கிறது. கேமராவும் மேக்ரோ லென்ஸும் சேர்ந்து ஒன்றரைக் கிலோகூட வராது. ஆனால் 1:1-இல் (பொருள் தன் நிஜ அளவிலேயே சென்சாரில் விழும் நிலை) ஃபிரேம் வைத்து, திருகை இறுக்கி, கையை எடுத்தால் படம் கீழே இறங்கிவிடுகிறது. 1/15 நொடியில் எடுப்பது பாதிக்குப் பாதி மங்கல். கடலோரத்தில் 20, 30 நொடி படங்கள் மட்டும் சுமாராக வருகின்றன, அது ஏன் என்றே புரியவில்லை.

பட்ஜெட் கால், ஹெட் எல்லாம் சேர்த்து 40 ஆயிரம். பஸ் பயணம்தான், அதனால் மடித்த நீளமும் முக்கியம். என் உயரம் 170 செ.மீ. பால் ஹெட்டா, கியர் ஹெட்டா? நடுத்தண்டைப் படுக்கவைக்கும் மாடல் மேக்ரோவுக்குக் கட்டாயமா? கார்பனுக்குக் கூடுதல் காசு கொடுக்கலாமா?

———

மூணுகால்:

முதலில் அந்த 4 கிலோவை மறந்துவிடுங்கள். எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான அளவுகோல் அதற்குக் கிடையாது. உடையாமல் தாங்குமா என்பதற்கு அது பதில். ஆடாமல் நிற்குமா என்பதுதான் உங்கள் கேள்வி, அது பெட்டியில் இருக்காது.

இறங்குவதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் சென்சாரில் 36 மி.மீ. அகலத்துக்குச் சுமார் 6000 பிக்சல், அதாவது ஒரு பிக்சல் 0.006 மி.மீ. 1:1-இல் பூவின் மேலும் அதே அளவுதான். அந்த லென்ஸ் 1:1-க்கு வரும்போது சென்சாரிலிருந்து பொருள் 29 செ.மீ. தூரத்தில் இருக்கும். ஹெட் 0.1 டிகிரி சரிந்தால் அங்கே அரை மி.மீ. நகரும், படத்தில் கிட்டத்தட்ட 85 பிக்சல். அதே 0.1 டிகிரி, 24 மி.மீ. ஃபோகல் லெங்த்தில் 7 பிக்சல்தான். நிலக்காட்சிக்கு ‘நல்ல ஹெட்’ என்று பேர் வாங்கியது மேக்ரோவில் சொதப்புவது இதனால்தான். ஹெட்டைத் தேர்வு செய்ய வேண்டியது மேக்ரோவுக்காக. நிலக்காட்சி அதில் தானாக அடங்கிவிடும்.

சரிவதற்குக் காரணம் பெரும்பாலும் மூன்று. பந்து சின்னது (40 மி.மீ.க்குக் கீழே என்றால் 1:1-இல் சிரமம்). இறுக்கும்போது பந்தை ஒரு பக்கமாகத் தள்ளும் அமைப்பு. கடைசியாக, யாரும் கவனிக்காத ஒன்று: கேமராவை ஹெட்டோடு இணைக்கும் பிளேட்டுக்கு மேலே ஒட்டியிருக்கும் ரப்பரோ கார்க்கோ. 105 மேக்ரோவுக்கு லென்ஸையே ட்ரைபாட்டில் மாட்டும் காலர் கிடையாது, எடை முழுக்க முன்னால் தொங்குகிறது, ரப்பர் மெல்ல நசுங்கிக்கொண்டே போகும். கேமராவின் அடியில் உலோகமாகவே உட்காரும் எல்-பிராக்கெட் (அடியையும் பக்கத்தையும் பிடிக்கும் ‘எல்’ வடிவ பிளேட்டு) போட்டால் சரிவில் ஒரு பங்கு அங்கேயே போய்விடும். நிமிர்த்தி எடுக்கும்போதும் எடை காலுக்கு நடுவிலேயே நிற்கும். இதுவரை போடவில்லை என்றால் முதல் செலவு அதுதான்.

இனி 1/15 விவகாரம். ஷட்டர் அடிக்கும் அதிர்வு ஒரு நொடிக்குள் அடங்கிவிடும். 30 நொடி படத்தில் அது ஒரு துளி, அதனால் தெரியாது. 1/30-லிருந்து 1/2 வரை எடுத்தால் எக்ஸ்போஷர் முழுக்க ஆட்டத்துக்குள்ளேயே முடிந்துவிடும். மெனுவில் முன்திரை எலக்ட்ரானிக் ஷட்டரை (முதல் திரை அடிக்காமலே எக்ஸ்போஷர் தொடங்கும் முறை) ஆன் செய்யுங்கள். டைமரை 2 நொடியில் விடாமல் 5-க்கு மாற்றுங்கள், லேசான காலில் 2 போதாது. விஆரை (கை ஆட்டத்தை ஈடுகட்டும் வசதி) அணையுங்கள். இந்த மூன்றும் காசில்லாத வேலை.

கால்களுக்கு வருகிறேன். குழாயின் விட்டத்தைக் கேட்டு வாங்குங்கள். சுவர்த் தடிமன் ஒன்றாக இருந்தால் விறைப்பு விட்டத்தின் மும்மடிக்கு (விட்டம் × விட்டம் × விட்டம்) ஏறும். 22 மி.மீ. குழாயைவிட 28 மி.மீ. குழாய் இரண்டு மடங்கு விறைப்பு. உங்கள் கேமராவுக்கு மேல்குழாய் 28 போதும். 32 வரை போனால் நல்லது, ஆனால் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் திட்டுவார். மூன்று அடுக்கா நான்கு அடுக்கா என்றால், 28-இல் தொடங்கும் நான்கு அடுக்கில் கடைசிக் குழாய் 19 மி.மீ. அளவுக்கு இளைத்துவிடும். மூன்று அடுக்கு 22-இல் நிற்கும். மடித்த நீளத்தில் 10 செ.மீ. வித்தியாசம்: மான்ஃப்ரோட்டோ 190 எக்ஸ்புரோ மூன்று அடுக்கில் 59 செ.மீ., நான்கு அடுக்கில் 49. உங்களுக்கு மேக்ரோவில் கால்கள் முழுக்க நீளப் போவதே இல்லை, அதனால் நான்கு அடுக்கு பெரிய பாவமில்லை.

உயரத்துக்கு: நடுத்தண்டைத் தூக்காமல் கால் மட்டும் 135 செ.மீ. வந்தால் போதும். ஹெட் ஒரு 12, கேமரா ஒரு 9, கண்ணுக்கு நேராக வந்துவிடும். நடுத்தண்டைத் தூக்கித்தான் அந்த உயரம் வருகிறது என்றால் அது முக்காலி இல்லை, முக்காலிமேல் நட்ட ஒற்றைக்கால்.

ஹெட்டுக்கு என் ஓட்டு கியர் ஹெட். இறுக்குகிற வேலையே கிடையாது. குமிழைத் திருகினால் நகரும், விட்டால் நிற்கும், அதனால் சரிவும் இல்லை. கடலோரத்தில் அடிவானத்தை மட்டம் பார்க்கவும் ஒரு அச்சை மட்டும் தொட்டால் போதும். மான்ஃப்ரோட்டோ எக்ஸ்புரோ கியர் ஹெட்டும் பென்ரோ ஜிடி3டபிள்யூஎச்சும் முக்கால் கிலோவை ஒட்டியவை. பென்ரோ நேரடியாக ஆர்க்கா பிளேட்டை (பல கம்பெனிகளும் பின்பற்றும் பொது வகை) பிடிக்கும். பழைய மான்ஃப்ரோட்டோ 410 செகண்ட்ஹேண்டில் கிடைத்தால் அதுவும் உறுதியானது, ஆனால் 1.2 கிலோ, பிளேட்டும் மான்ஃப்ரோட்டோவின் சொந்த வகை. எல்-பிராக்கெட் போட ஆர்க்கா கிளாம்ப் ஒன்றைத் தனியாக அதில் பொருத்த வேண்டிவரும்.

———

பாசிமணி:

மூணுகால் சொன்ன கணக்கெல்லாம் சரி. ஆனால் கேட்டவர் எடுப்பது பாசியும் காளானும். கியர் ஹெட்டின் பெரிய குறை அங்கேதான் இருக்கிறது: அதன் உயரமே 12, 13 செ.மீ. காலை முழுக்க அகட்டித் தரையோடு 10 செ.மீ. வரை இறக்கினாலும், மேலே ஹெட், அதற்கு மேலே கேமரா. லென்ஸின் நடுக்கோடு தரையிலிருந்து 30 செ.மீ. பக்கம் போய்விடும். 3 செ.மீ. காளானை அந்த உயரத்திலிருந்து எடுத்தால் குடையின் முதுகுதான் தெரியும், அடிமடிப்பு தெரியாது.

அதற்கு வழி ஹெட்டையே கழற்றிவிடுவது. ட்ரைபாட்டின் தலைத்தட்டில் 3/8 அங்குலத் திருகு இருக்கும். அதில் ஆர்க்கா கிளாம்பை மட்டும் போட்டு, கேமராவை நேராக அதில் மாட்டுங்கள். சாய்வைக் கால்களாலேயே சரிசெய்யலாம். பொறுமை வேண்டும், ஆனால் தரையிலிருந்து ஒரு சாணுக்குள் வந்துவிடும், அசைவும் அறவே இருக்காது. ஹெட்டைக் கழற்றும் முன் தலைத்தட்டின் அடியைத் திருப்பிப் பாருங்கள். ஹெட் தானாகக் கழலாமல் பிடிக்கச் சின்ன ஆலன் திருகுகள் இருக்கும். அதைத் தளர்த்தாமல் முறுக்கினால் ஹெட்டின் அடிப்பகுதி கீறிப்போகும்.

அதற்கும் கீழே போக வேண்டுமானால், ட்ரைபாட் இல்லாமல் கேமராவை மேலே உட்காரவைக்க ஒரு பை. கெட்டித்துணியில் தைத்த பை, முக்கால் பாகம் நிரப்பியது, முழுக்க நிரப்பினால் கேமரா அதில் பதியாது. அரிசி வேண்டாம், மழைக்காட்டு ஈரத்தில் ஊறி மக்கிவிடும். பிளாஸ்டிக் குருணை போடுங்கள்.

நடுத்தண்டைப் படுக்கவைக்கும் மாடல் பற்றி. மான்ஃப்ரோட்டோ 190, 055 எக்ஸ்புரோக்களில் தண்டைக் கழற்றாமலே 90 டிகிரிக்குப் படுக்கவைக்கலாம், வான்கார்டு ஆல்டா புரோவில் இடைக்கோணங்களிலும் நிறுத்தலாம். செடிப்புதருக்கு மேலே கேமராவை நீட்டக் கைகொடுக்கும். ஆனால் 25 செ.மீ. வெளியே நீண்ட தண்டின் முனையில் ஒன்றேகால் கிலோ தொங்கினால் அது தூண்டில் கம்புதான். நீட்டுவதை ஒரு காலின் நேர்மேலே வரும்படி நீட்டுங்கள், மறுமுனையில் தண்ணீர் பாட்டிலைக் கட்டுங்கள். அப்படியும் 1/4 நொடிக்கு நம்ப முடியாது. கட்டாயமா என்றால், இல்லை. குட்டைத் தண்டு உள்ள கால், அல்லது தண்டே இல்லாத கால், இரண்டில் ஒன்று போதும். தண்டு நீளமாக இருந்தால் காலை அகட்டும்போது அது தரையில் முட்டி நிற்கும். கடையிலேயே அகட்டிப் பாருங்கள். தண்டைத் தலைகீழாகச் செருகிக் கேமராவைக் கவிழ்த்துத் தொங்கவிடும் யோசனையை விளம்பரப் படத்தோடு விட்டுவிடலாம். பட்டன்கள் எல்லாம் தலைகீழ், நம் தலை இரண்டு காலுக்கு நடுவில்.

இன்னொன்று. கியர் ஹெட் சாய்க்கும், திருப்பும். கேமராவை அப்படியே பக்கவாட்டில் நகர்த்தாது. வண்ணத்துப்பூச்சியின் இறக்கைக்கு இணையாக சென்சாரை வைத்துவிட்டு, ஃபிரேமை 5 மி.மீ. இடப்பக்கம் தள்ள வேண்டும் என்றால் ஹெட்டைத் தொட்டால் இணை கெட்டுவிடும். அதற்கு ரெயில்தான் (கேமராவை நேர்கோட்டில் நகர்த்தும் சறுக்குத் தட்டு). என் கட்சி: 40 மி.மீ.க்கு மேல் பந்துள்ள நல்ல பால் ஹெட், மேலே ஒரு ரெயில். எடையும் உயரமும் குறைவு. சரிவை ரெயிலும் எல்-பிராக்கெட்டும் பார்த்துக்கொள்ளும்.

———

மூணுகால்:

பாசிமணி, உயரக் கணக்கு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பால் ஹெட்டின் மேல் ரெயில் வைத்தால் எடை இன்னும் முன்னே போகும், பந்து இன்னும் சரியும். ரெயில் முன்பின் நகர்வைத்தான் திருத்தும், சரிவைத் திருத்தாது. பால் ஹெட்டே வாங்குவதென்றால் பந்தை இறுக்குவதற்கு முன் ஃபிரேமை எவ்வளவு மேலே தூக்கி வைக்க வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் ஊகிக்க வேண்டும். அதோடு தட்டான்பூச்சியின் கேமராவில் ஃபோகஸ் ஷிஃப்ட் (ஃபோகஸைப் படிப்படியாக நகர்த்தித் தானாகவே பல படம் எடுக்கும் வசதி, பிறகு அவற்றை ஒன்றாக அடுக்கலாம்) இருக்கிறது. 1:1 வரைக்கும் அடுக்கி எடுக்க ரெயிலே வேண்டாம்.

அடுக்குவதற்கான அளவைச் சொல்லிவிடுகிறேன். நிக்கான் காட்டும் எஃப் எண் 1:1-இல் ஏற்கெனவே கூடிய எண், எஃப்2.8 லென்ஸ் அங்கே எஃப்4.5 என்று காட்டும். காட்டும் எஃப்16-இல் தெளிவாக விழும் ஆழம் தாராளமாகப் பார்த்தாலும் 1 மி.மீ.தான், டிஃப்ராக்ஷனால் (சின்னத் துளையில் ஒளி வளைந்து பரவுவதால்) கூர்மையும் குறையும். எஃப்8-இல் அரை மி.மீ. பெரிதாக்கிப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் அதிலும் பாதியைத்தான் நம்பலாம். ஆக 0.2 மி.மீ.க்கு ஒரு படம், 6 மி.மீ. ஆழமுள்ள பூவுக்கு 30 படம். மெனுவில் படி அகலம் 1 முதல் 10 வரை எண்ணாக இருக்கும், மி.மீ. இல்லை. வீட்டில் ஒரு ஸ்கேலை 45 டிகிரி சாய்த்து வைத்து எந்த எண்ணுக்கு எவ்வளவு நகர்கிறது என்று ஒருமுறை பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த 30 படமும் முடியும்வரை ஹெட் ஒரு முடி அசையக்கூடாது. சுற்றி வந்து மறுபடியும் ஹெட் பிரச்சினைக்கே வந்துவிட்டோம்!

கியர் ஹெட்டிலும் குறை உண்டு. பல்லுக்குப் பல் கொஞ்சம் பிளே (இடைவெளியால் வரும் தொய்வு) இருக்கும். எப்போதும் ஒரே திசையில் திருகி முடியுங்கள், தாண்டிப் போனால் நன்றாகப் பின்னால் வந்து மறுபடி அதே திசையில். வேகமாகத் திருப்ப கியரை விடுவிக்கும் பிடி இருக்கும். அதை அமுக்கும்போது மறு கை கேமராவில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் லென்ஸ் மூக்குக் குப்புற விழும்.

———

உப்புக்காற்று:

கடலுக்கு ஒருத்தரும் பதில் சொல்லவில்லையே.

கார்பனா அலுமினியமா என்பதில் எடையைவிட உப்பைப் பாருங்கள். கார்பன் குழாய் உப்புக்கு அசையாது, ஆனால் அதன் கால்மூட்டுகளும் திருகுகளும் உலோகம்தான். ஆகவே கார்பன் வாங்கிவிட்டால் கழுவ வேண்டாம் என்று இல்லை. எடை குறையும், அதிர்வு கொஞ்சம் சீக்கிரம் அடங்கும், குளிரில் கை ஒட்டாது. அடி பட்டால் அலுமினியம் நெளியும், கார்பனில் விரிசல் விழும். உங்கள் பட்ஜெட்டில் மெல்லிய கார்பனைவிடத் தடித்த அலுமினியம் மேல். பஸ் ஏறி இறங்கும் தோளுக்கு அரைக் கிலோ கூடும், அவ்வளவுதான்.

காலை நீட்டும்போது தடித்த குழாயிலிருந்து தொடங்க வேண்டும் என்பது பொதுவிதி. கடலில் மட்டும் அதை மீறுங்கள். கடைசிக் குழாயை முதலில் ஒரு முழம் நீட்டிவிட்டால் பூட்டு மணலுக்கும் தண்ணீருக்கும் மேலே நிற்கும். திருகுப் பூட்டுக்குள் மணல் போனால் நறநறவென்று சத்தம் கேட்கும், அதற்கு மேல் திருகாதீர்கள், மரை தேய்ந்துவிடும்.

அலை வந்து போகும் ஈரமணலில் கால் தானாக இறங்கும், ஏனென்றால் திரும்பும் தண்ணீர் காலைச் சுற்றி மணலை அரித்துக்கொண்டு போகிறது. வைத்தவுடன் எடுத்தால் 20 நொடி படத்தில் அடிவானமே இரட்டை. ஒவ்வொரு காலையும் ஒரு சாண் ஆழம் அழுத்தி இறக்குங்கள், மூன்று நான்கு அலை போகட்டும், மட்டம் மறுபடி பார்த்துவிட்டு எடுங்கள். காய்ந்த மணலுக்கு வேறு வைத்தியம்: காலடியில் கவிழ்த்த கொட்டாங்குச்சி. சரிவான பாறையில் இரண்டு கால் பள்ளத்துப் பக்கம், ஒன்று மேட்டுப் பக்கம்.

நடுக்கொக்கியில் பையைத் தொங்கவிடச் சொல்வார்கள். காற்றில் பை ஊஞ்சலாடினால் அதுவே கேமராவை ஆட்டும். பையின் அடி தரையைத் தொடும்படி தொங்கவிடுங்கள். கழுத்து வாரைக் கழற்றிவிடுங்கள், காற்றில் அது படபடவென்று அடிப்பதே போதும் படத்தைக் கெடுக்க.

வீட்டுக்கு வந்ததும் அன்றைக்கே: காலை முழுக்க நீட்டி நல்ல தண்ணீரில் அலசுங்கள். நீட்டாமல் அலசினால் உப்பு உள்ளேயே தங்கும். மாதம் ஒருமுறை கடலுக்குப் போகிறவர் என்றால் இரண்டு மூன்று தடவைக்கு ஒருமுறை பூட்டைத் திறக்க வேண்டும். வளையத்தை முழுக்கக் கழற்றிக் குழாயை இழுத்தால் முனையில் பிளாஸ்டிக் சிம்பு (குழாயைச் சுற்றிய மெல்லிய பட்டை) இரண்டு பாதியாக இருக்கும், அதன் முட்டு குழாயின் ஓட்டையில் உட்கார்ந்திருக்கும். எது எந்தப் பக்கம் என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பல்துலக்கியால் மரையைத் தேய்த்து, இரவு முழுக்கக் காயவிட்டு, மரையில் மட்டும் மெல்லிய படலமாக கிரீஸ். சிம்பிலோ குழாயிலோ பட்டால் பூட்டு வழுக்கும். துருநீக்கி ஸ்ப்ரே அடிக்காதீர்கள், இருக்கும் கிரீஸையும் கரைத்துவிடும். கியர் ஹெட்டைத் தண்ணீரில் முக்கவே கூடாது. ஈரத்துணியால் துடைப்பதோடு சரி. கடலோரம் அதிகம் போகிறவருக்குப் பால் ஹெட் என்று பாசிமணி சொன்னதை இந்த ஒரு காரணத்துக்காக நானும் வழிமொழிவேன்.

மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் மாதிரி மத்தியத் தொல்லியல் துறை இடங்களில் ட்ரைபாட்டுக்கு முன் அனுமதி வேண்டும். வாசலில் போய் நின்று கேட்டால் கிடைக்காது.

———

தட்டான்பூச்சி:

எல்லோருக்கும் நன்றி. முன்திரை ஷட்டரும் 5 நொடி டைமரும் போட்டுப் பார்த்தேன், 1/15-இல் பத்துக்கு எட்டு தெளிவு. அப்படியானால் இப்போதைக்குக் கால் மட்டும் மாற்றினால் போதுமா, ஹெட் மட்டுமா? பூச்சிகளுக்கும் இதே செட்டப் சரிவருமா?

———

மூணுகால்:

ஃபிரேம் இறங்குவது ஷட்டரால் இல்லை, ஹெட்டால். எல்-பிராக்கெட்டும் ஹெட்டும் முதலில். கால் அடுத்த சம்பளத்தில்.

ஒரு எச்சரிக்கை: ஆர்க்கா பிளேட்டுகள் 38 மி.மீ. அகலம் என்பார்கள், கம்பெனிக்குக் கம்பெனி இம்மியளவு மாறும். நெம்புகோல் கிளாம்ப் ஒரே அகலத்துக்குத்தான் மூடும், வேறு கம்பெனி பிளேட்டு அதில் லொடலொடக்கும் அல்லது நுழையாது. திருகு கிளாம்ப் எதையும் பிடிக்கும். பிளேட்டின் இரு முனையிலும் வழுக்கி விழாமல் தடுக்கும் சின்னத் திருகுகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

கடைக்குக் கேமராவோடு போங்கள். ஹெட்டில் மாட்டி, லைவ் வியூவைப் பெரிதாக்கி, விலைச்சீட்டில் ஒரு எழுத்தின் ஓரத்தை ஃபிரேமின் நடுவில் வையுங்கள். இறுக்குங்கள், கையை எடுங்கள், ஒரு நிமிடம் அப்படியே பாருங்கள். எழுத்து நகர்ந்தால் அடுத்த ஹெட். அடுத்து லென்ஸின் முனையை விரலால் ஒரு சுண்டு சுண்டி, ஆட்டம் அடங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று எண்ணுங்கள். இரண்டு கால்களை அருகருகே வைத்துச் சுண்டினால் வித்தியாசம் உடனே தெரியும். கடைசியாகத் தலைத்தட்டை இரண்டு கையாலும் பிடித்துத் துணி பிழிவதுபோல் முறுக்கிப் பாருங்கள். மூட்டில் லொடக்கு இருந்தால் ஆலன் கீயால் இறுக்கச் சொல்லுங்கள், இறுக்கியும் இருந்தால் வேண்டாம்.

———

பாசிமணி:

பூச்சிக்கு: பனியில் உறைந்து உட்கார்ந்திருக்கும் தட்டானுக்கு ட்ரைபாட் சரி. வெயில் ஏறுவதற்குள், காற்று எழுவதற்குள் முடித்துவிட வேண்டும். செடித்தண்டு ஆடினால் ட்ரைபாட் எவ்வளவு விறைப்பாக இருந்தும் புண்ணியமில்லை. பக்கத்தில் ஒரு குச்சியை ஊன்றித் துணிக்கிளிப்பால் செடித்தண்டைப் பிடித்துவிடுங்கள், காற்று வரும் பக்கம் குடையை விரித்து வையுங்கள்.

ஓடுகிற எறும்பு, தாவும் சிலந்தி என்றால் ட்ரைபாட்டைப் பையிலேயே விட்டுவிடுங்கள். ஃப்ளாஷ், டிஃப்யூசர், 1/200, எஃப்11, கையிலேயே. ஃப்ளாஷைக் குறைந்த பவரில் வைத்தால் அது வெட்டும் நேரமே நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே, உறையவைக்கும் வேலையை அதுவே செய்துவிடும். முழு எலக்ட்ரானிக் ஷட்டரில் மட்டும் வைத்துவிடாதீர்கள், இந்தக் கேமராவில் அப்போது ஃப்ளாஷ் அடிக்காது.